இருபத்தெட்டு கிலோ

மூஞ்சிக்கல் கடைத்தெருவில்
"யாருக்கும்மா வண்டி?" என்றார் தவசிக்கனி அண்ணாச்சி.
மகளுக்கு, என்றேன்.
வயசு?
ஒன்பது. எடை இருபத்தெட்டு கிலோ.
எடையை யார் கேட்டார்கள்?
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எனக்கு மகள் இல்லை.
எங்கள் கொட்டகையில் ஒரு மணல்மூட்டை இருக்கிறது.

கம்பெனி அனுப்பிவைக்கும் வண்டியை
நாங்கள் தொடுவதில்லை.
அது இன்ஸ்பெக்‌ஷன் நாளின் பள்ளிக்கூடம்:
கரும்பலகை கழுவியிருக்கும்,
கடைசி பெஞ்சுப் பையன்களுக்கு அன்று லீவு.
அதனால் யாரோ போலக் கடைக்குப் போக வேண்டும்.
பேரம் பேசாவிட்டால் சந்தேகம் வரும்.

ஊதா நிறம். முன்னால் கூடை.
"சீசன் லோடு, நேத்து ராத்திரிதான் இறங்குச்சு.
நீங்கதான் முதல் போணி" என்று
நூறு ரூபாய் குறைத்தார்.
பிறகு, கேட்காமலே,
கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு மணியை எடுத்துத்
தானே திருகிப் பூட்டினார்.
"பாப்பாவுக்கு. இது என் கணக்கு."
பரிசோதனைப் படிவத்தில்
அந்த மணிக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பெர்னார்டு பற்றவைத்த இடங்களை
லென்ஸ் வைத்துத் துழாவினான்.
உருளைமேல் ஏற்றி
ஒரே பள்ளத்தை நாற்பதாயிரம் தடவை காட்டினோம்.
இரவெல்லாம் ஓடியது,
எங்கும் போகாமல்.
தாங்கியது. அதையும் எழுதினேன்.
நல்லதை எழுதாதவள் சொல்லும் கெட்டதை
யார் நம்புவார்கள்?

காய்ந்த ரோட்டில் பிரேக்: சரி.
ஆனால் இந்த மலையில்
காய்ந்த ரோடு வருஷத்துக்கு எத்தனை நாள்?
மூன்று மணியானால் மேகம் இறங்கி
ரோட்டில் நம்மோடு நடக்கும்.
பள்ளி விடுவது நாலரைக்கு.

பெருமாள்மலைக்குக் கீழே
யூகலிப்டஸ் பட்டை உரிந்து கிடக்கும் சரிவில்,
தூறலில்,
மேலும் கீழும் சிவப்புக்கொடியோடு ஆள் நிறுத்தி
மூட்டையைச் சீட்டில் உட்காரவைத்தோம்.
சாயாமலிருக்கப் பக்கத்துக்கொரு குட்டிச் சக்கரம்.
பிரேக்கைப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்,
ஒன்பது வயதுக் கை எவ்வளவு இறுக்குமோ
அவ்வளவே இறுக்கும்படி.

விட்டோம்.

கோட்டில் ஸ்பிரிங் பிடித்தது.
நனைந்த ரிம்மில் ரப்பர் வழுக்கிய சத்தம்,
அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தமிழில் எழுத்து இல்லை.
ஒன்பது மீட்டருக்குள் நின்றிருக்க வேண்டும்.
இருபத்திரண்டாவது மீட்டரில்
வைக்கோல் கட்டில் போய் விழுந்தது.
மணி ஒரே ஒரு தடவை,
தானாக.

மூட்டை பிரிந்து
மணல் ரோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தது.
பெர்னார்டு ஒன்றும் பேசாமல்
முட்டி போட்டு இரண்டு கையாலும் அள்ளினான்.
கொட்டகையில் எடை போட்டோம்.
இருபத்தாறரை.
மீதி மழையோடு போயிருந்தது.

"மழையில குழந்தைய யாரு மேடம் விடுவா?"
என்றது கம்பெனிக்காரரின் போன்.
பின்னால் அங்கே மின்விசிறி ஓடும் சத்தம்.
இங்கே மழைதான்
குழந்தைகளை வீட்டுக்குக் கூட்டி வருகிறது
என்று சொல்ல நினைத்து
மீட்டர் கணக்கை மட்டும் மறுபடி படித்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன்.
படியேறும்போதே கேட்டார்:
"பாப்பா ஓட்டுறாளா?"

"விழுந்துட்டா, அண்ணாச்சி."

ஸ்டூல் பின்னால் சாய எழுந்துவிட்டார்.
"எங்கம்மா அடி? தலையிலயா?
டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

இல்லாத பிள்ளைக்காக
ஒரு மனுஷன் நின்றுகொண்டிருக்கிறார்.
பைக்குள் விட்ட என் கை
காகிதத்தை எடுக்காமல் அப்படியே இருந்தது.

"மீதி வண்டி எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு" என்றவர்
சுவரோரம் நின்ற ஊதா வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.
பிறகு, மெதுவாக:
"ஒண்ணுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேனே."